ஆன்லைன் வகுப்புக்காகப் போன மீசை

“ஜெனிபர்... ஜெனிபர், மைக்கை ஆன் பண்ணிப் பதில் சொல்லும்மா.”

கூடத்தில், உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்த கைபேசியிலிருந்து அறிவியல் மிஸ்ஸின் குரல் மூன்றாவது முறையாக வந்தது. நான் அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். வேலை நாளில் காலை பத்து மணிக்கு நான் வீட்டில் இருந்ததே அதிசயம். கொரோனாவுக்காக எங்கள் ஷூ கம்பெனியை மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் மகள் ஜெனி அப்போது ஒன்பதாம் வகுப்பு. கைபேசிக்கு நேராக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, தலையும் ஆடிக்கொண்டிருந்தது, பதிலைத்தான் காணோம். கூடப் படிக்கும் பெண் யாரோ திரையில் எழுதிக் காட்டினாள் போலிருக்கிறது, திடுக்கிட்டு மைக்கைத் தட்டினாள்.

“நெட்வொர்க் பிராப்ளம் மிஸ். வாய்ஸ் கட்டாவுது.”

பச்சைப் பொய். குக்கர் விசிலுக்கு நடுவே, அடுப்படியில் இருந்த எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டிருந்தது. வகுப்பு முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடிந்ததும் அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

“நெட்வொர்க்கா? எங்கிட்டயே கதை வுட்றியா? எனக்கு அங்க கேக்குது, உனக்கு இங்க கேக்கலியா?”

அவள் என் வாயையே பார்த்தாள்.

“படிப்பு ஏறலைன்னா இப்பவே சொல்லிடு. பதினெட்டு ஆனதும் எங்கூட வந்து மெஷின்ல உக்காரு.”

கோபத்தில் ஆயிரம் சொல்வோம். காபி ஆறுவதற்குள் நாம் மறந்துவிடுவோம். பிள்ளைகள் மறப்பதில்லை.

மொட்டை மாடியில் வந்த பாஸ்வேர்டு

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரூத். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஸ்டிச்சிங் ஹாலில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது எங்கள் வேலை. மெஷினில் உட்கார்ந்து தைத்து, பிறகு ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மெஷின்களுக்கு, சூப்பர்வைசராக ஆனவள்.

எங்கள் ஹாலில் நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஒன்றாக ஓடும். பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் வாயைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டோம். சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்தால் போதும், நாலு மெஷின் தள்ளி இருப்பவள் பதில் சொல்வாள். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், மாப்பிள்ளை வீட்டார் எத்தனை கேசரி சாப்பிட்டார்கள் என்பது வரைக்கும் டீ பிரேக்குக்கு முன்பே ஹாலின் மறுகோடிக்குப் போய்விட்டது. அன்றைய சூப்பர்வைசர் புதிதாக வந்தவர். “ஒரு சவுண்டும் வரல, ஆனா எல்லாரும் சிரிக்கறீங்க. இன்னாம்மா நடக்குது இங்க?” என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார் பாவம்.

கையாலும் பேசுவோம். அதில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தவறாகத் தைத்த பீஸ் லைனின் கடைசியில் போய் மாட்டிக்கொண்டால், தையலைச் சோதிக்கிற செக்கர் யாரையாவது பிடித்துத் திட்டுவாள். அப்போது தப்புச் செய்தவள் எழுந்து, இரண்டு விரலால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்ட வேண்டும். ‘என் பீஸ்’ என்று அர்த்தம். அடுத்தவள் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். அதைச் செய்யாமல் கமுக்கமாக இருந்தவளுடன் ஒரு வாரத்துக்கு யாரும் சோறு பகிர்ந்து சாப்பிட மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், டிரம் ஓட்டுகிறவர். பச்சைத் தோலையும் மருந்தையும் போட்டு உருட்டுகிற மர டிரம், ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும். நாள் பூரா அதன் கடகடப்பில் நின்றுவிட்டு வருகிற மனிதர் வீட்டில் மெதுவாகப் பேசுவாரா? நானும் லேசுப்பட்டவள் இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தட்டி, முகத்துக்கு நேராக நின்று, கத்தித்தான் சொல்வோம். அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. எதிர் வீட்டு ஷமீம் என் லைனிலேயே தைக்கிறவள். “ரூத்தக்கா, உங்க வீட்ல ரகசியம் பேசணும்னா பஸ் ஏறி ஆலங்காயம் போய்டுங்க. இன்னா கொழம்புன்றது எங்க வீட்டு பூனைக்குக்கூட தெரியுது” என்பாள்.

அந்த ஷமீமுக்கு நான் பட்ட கடனை இந்தத் தொடர் முழுக்க எழுதினாலும் தீராது. ஊரடங்கு வந்து, பள்ளிக்கூடம் கைபேசிக்குள் போனபோது, எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கைபேசி. அதில் நாளுக்கு இவ்வளவுதான் என்று நெட். இரண்டாவது வகுப்போடு தீர்ந்துவிடும். ஷமீம் வீட்டில் வைஃபை இருந்தது. யாரும் வாசலைத் தாண்டக் கூடாத நாட்கள் அவை. அவள் தன் மொட்டை மாடியில் நின்று, தெருவுக்கு இந்தப் பக்கம் எங்கள் மாடியில் நின்ற என்னிடம் பாஸ்வேர்டை ஹால் பாஷையில் உதட்டால் சொன்னாள். கத்தினால் தெருவே நெட்டைப் பிடித்துக்கொள்ளும் என்ற முன்ஜாக்கிரதை.

எனக்கு மூன்றாவது எழுத்திலேயே குழம்பிவிட்டது. பக்கத்தில் நின்ற ஜெனி தடங்கலில்லாமல் முழுவதையும் படித்துவிட்டாள். ஹாலுக்குள் ஒரு நாள்கூடக் கால் வைக்காத பிள்ளை. ஷமீம் அங்கிருந்தே கை தட்டினாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. இது எப்படி இவளுக்கு வந்தது என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை.

பைக்குள் இருந்த தையல்

பெற்றோர் கூட உட்கார வேண்டும் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்திருந்தது. நானும் உட்கார்ந்தேன், செக்கர் உட்கார்வது போல. அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். மிஸ் சொன்னதில் பாதியைத் தவறவிடுவாள், பக்கத்து வீட்டு நாய் குரைப்பது போல நான் உடனே கத்துவேன். இயர்போன் வாங்கிக் கொடுத்தேன். காது வலிக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டாள். அதையும் சாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவள் நோட்டில் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டேன். ஹாலில் பழுதான இடத்தில் அம்பு ஒட்டுவது எங்கள் வழக்கம். ஒரு பக்கத்தில் பதினோரு அம்பு வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

எட்டாம் வகுப்புவரை ஜெனி நன்றாகப் படித்தவள். எல்கேஜியிலிருந்து முதல் பெஞ்ச்தான். இடம் மாற்றினால் அழுவாள். “கண்ணை எடுக்காம கவனிக்கிற பொண்ணு” என்று எல்லா மிஸ்ஸும் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் கைபேசி வந்த மூன்றே மாதத்தில் கெட்டுப்போய்விட்டாள் என்று நாங்கள் இருவரும் முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு நாள் வீட்டைப் பெருக்கும்போது எங்கள் பழைய தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு பை கிடைத்தது. உள்ளே லைனிங் துண்டுகள், ஷூவுக்கு உட்புறம் வைக்கிறவை. நான் எப்போதோ கம்பெனியிலிருந்து கழிவு என்று கொண்டுவந்து போட்டவை. ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாகத் தையல். முதல் துண்டுகளில் கோணல், போகப்போக நேர், கடைசித் துண்டில் ஓரம் பிசகாத இரட்டைத் தையல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது, ‘தையல் சுத்தமா இருக்கே’ என்பதுதான். சூப்பர்வைசர் புத்தி. அதற்குப் பிறகுதான் இதை யார் தைத்தார்கள் என்பது உறைத்தது.

“இது இன்னாடி?” என்று அவள் முன்னால் பையை வைத்தேன்.

“பழகிக்கறேன்மா.”

“எதுக்கு?”

“நீதான சொன்ன, மெஷின்ல உக்காருன்னு. எனக்குப் படிப்பு வரல. பத்தாவதோட நின்னுக்கறேன்.”

அவள் அழவில்லை, கோபப்படவில்லை. கணக்குப் போட்டு முடித்த மாதிரி சொன்னாள். மெஷினில் உட்காருவது கேவலம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மெஷினால்தான். ஆனால் நர்ஸாக வேண்டும் என்று நாலாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் இவள். அந்த ஆசையை யார் பிடுங்கினார்கள் என்று அன்று இரவு சாமுவேலிடம் கேட்டேன். அவர் மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

வாயை மூடிய ஹால்

பிறகு கம்பெனி திறந்தது. பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள். எல்லோருக்கும் முகக்கவசம்.

அன்றைக்குத்தான் எங்கள் ஹால் முதல் முறையாக ஊமையானது. மெஷின் சத்தம் அதே சத்தம். ஆனால் யாருடைய உதடும் தெரியவில்லை. ஷமீம் எதிரே நின்று ஏதோ சொல்கிறாள், துணி அசைகிறது, ஒன்றும் புரியவில்லை. நான் சும்மா சிரித்துத் தலையை ஆட்டி வைத்தேன். அவள் கேட்டது நூல் கலர் மாற்றவா வேண்டாமா என்று. நான் ஆட்டிய தலைக்கு, கறுப்பு நூலில் வர வேண்டிய ஒரு கட்டு பீஸ் பழுப்பு நூலில் தைத்து வந்து சேர்ந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெனியின் எதிரே உட்கார்ந்து புலம்பினேன். “பேஜாராப் போச்சுடி. வாயப் பாக்காம ஒண்ணுமே புரியல. எத்தினி வாட்டிதான் இன்னா இன்னான்னு கேக்கறது? வெக்கமா இருக்கு. சும்மா தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.”

ஜெனி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“எனக்கும் அப்டித்தாம்மா.”

“இன்னா அப்டி?”

“கிளாஸ்ல. ஸ்கூல்ல இருந்தா மிஸ் வாய் தெரியும். போன்ல மிஸ் பாடத்துப் படத்தப் போட்டுட்டுப் பேசறாங்க. மூஞ்சே தெரியல. அதான் தலைய ஆட்டிடறேன்.”

நான் எழுந்தேன். அவள் திரும்பவும் சாப்பிட ஆரம்பித்ததும் அவளுக்குப் பின்னால், நாலடி தள்ளிப் போய் நின்றேன். ஊரில் மற்றவர்கள் பேசுவது போன்ற சாதாரணக் குரலில் சொன்னேன்.

“ஜெனி, உனக்குப் புது போன் வாங்கித் தர்றேன்.”

எந்தப் பிள்ளை அதற்குத் திரும்பாமல் இருக்கும்? அவள் ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள். இன்னொரு முறை சொன்னேன். பிசைந்துகொண்டேதான் இருந்தாள்.

சின்ன வயதில் அவளுக்கு அடிக்கடி காதில் சீழ் வரும். சொட்டு மருந்து ஊற்றுவோம், நின்றுவிடும். அத்தோடு மறந்துவிட்டோம். வேறு வீடாக இருந்தால் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை என்றோ கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில்தான் யாரும் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லையே. தோளைத் தட்டி, முகத்தைக் காட்டி, கத்திப் பேசுகிற வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

முன்னால் போய் அவள் தோளைத் தொட்டேன். “ஏம்மா சொல்லவே இல்ல?”

“எல்லாருக்கும் இப்டித்தான் கேக்கும்னு நெனச்சேன். நம்ம வீட்ல எல்லாரும் கத்தித்தான பேசறோம்.”

இரண்டு விரலால் என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். என் பீஸ். அவளுக்கு அது தெரியும், வீட்டில் பால் பொங்கினால்கூட நாங்கள் அப்படித்தான் காட்டுவோம். சோற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். புது நைட்டி முழுக்க ரசம்.

ஜன்னலோரம் வந்த மிஸ்

மறுநாள் அறிவியல் மிஸ்ஸுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“மூணு வருஷமா என் முகத்தையே பாத்துட்டு இருந்த பொண்ணும்மா அது. நல்லா கவனிக்கிறான்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன். எனக்கும் தோணலையே” என்றார்.

அடுத்த வகுப்பில் அவர் படங்களை எடுத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து பாடம் நடத்தினார். படங்களை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். ஜெனிக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. “மிஸ் மூஞ்ச பாத்தா தூக்கம் வரல” என்று மற்ற பிள்ளைகளும் சொன்னார்களாம். அந்த அம்மையாருக்கு நான் இதுவரை நேரில் சரியாக நன்றி சொன்னதில்லை. இந்த வாரம் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

மற்ற மிஸ்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் வீட்டில் நெட் கம்மி, முகத்தைக் காட்டினால் கட்டாகிவிடும். இன்னொருவர் கைக்குழந்தைக்காரி. அந்த வகுப்புகளுக்கு ஒரு வழி செய்தோம். நான் கைபேசிக்குப் பக்கத்தில், ஜெனிக்கு எதிரே உட்கார்ந்து, காதில் விழுகிறதை அப்படியே உதட்டால் திருப்பிச் சொல்வேன். சத்தமில்லாமல், எங்கள் ஹாலில் பேசுவது போல. நான் பத்தாவது தாண்டாதவள். பல வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்துதான் சொல்ல வேண்டும் என்று இல்லை, முழுசாகச் சொன்னால் போதும். பிள்ளைக்குப் புரிந்தது.

நான் கம்பெனிக்குப் போகிற நாளில் சாமுவேலின் முறை. தோல் ஷாப்பிலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வேலை. முதல் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்பாவுக்கு மைட்டோகாண்ட்ரியா வரல” என்றாள் ஜெனி.

“எனக்கு எல்லாம் வருது. அவளுக்குத்தான் புரியல.”

“மீசைதான்பா அசையுது. ஒதடே தெரியல.”

சாமுவேலின் மீசையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கல்யாணப் போட்டோவில் என்னைவிட அதுதான் எடுப்பாகத் தெரியும். மேலுதட்டை முழுசாக மூடி இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். அதற்கென்று தனிச் சீப்பு, தனி எண்ணெய். திருப்பத்தூரில் என் மாமியார் வீட்டில் அவரை ‘மீசைக்காரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கொஞ்சம் குறைக்கச் சொன்ன ஒருமுறை, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் காபி கொண்டுபோனேன். கிணற்றடியில் கண்ணாடியோடு நின்றிருந்தவர் திரும்பினார். யாரோ அந்நிய ஆள் எங்கள் வீட்டில் நிற்பது போலிருந்தது. மேலுதடு வெளுத்து, பச்சைக் குழந்தையின் தோலாக இருந்தது.

“முடிதான? மொளைக்கும்” என்றார். அவ்வளவுதான்.

ஜெனி எழுந்து வந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவரைச் சுற்றி ஒருமுறை வந்தாள், மேலுதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். “சரி, இப்ப மைட்டோகாண்ட்ரியா சொல்லு.” நல்லவேளையாக வெளியே போனால் முகக்கவசம். தெருவுக்கு விஷயம் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. ஷமீம்தான் முதலில் பார்த்தாள். அன்றைக்கு அவள் கிண்டல் செய்யாமல் போனதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தையல் துண்டுப் பையை ஜெனியே ஒரு நாள் எடுத்து வந்து, கரித்துணிக்கு வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டாள்.

பார்க்க வேண்டிய இடம்

இப்போதும் எங்கள் ஹாலில் பெண்கள் கேட்கிறார்கள். “பையன் ஆன்லைன் டியூஷன்ல உக்காந்தா ஒரே முழி முழிக்கிறான். இன்னா பண்றதுக்கா?” எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பக்கத்தில் உட்காராதீர்கள், எதிரே உட்காருங்கள். பாடத்தையும் நோட்டையும் மிஸ் பார்த்துக்கொள்வார். நீங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நெட்வொர்க் சரியில்லை என்று சொன்னால், எங்கே சரியில்லை என்று ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். நான் கேட்காமல் போனதற்கு ஒரு நோட்டு நிறைய அம்புக்குறி இருக்கிறது, இன்னும் எறியவில்லை.

ஆஸ்பத்திரிகள் பழையபடி திறந்ததும் ஜெனியை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், ஒவ்வொன்றாக. முதலில் வலது காது. பத்தாவது பரீட்சையை அவள் அந்த ஒரு காதோடு எழுதினாள். அதற்குப் பிறகு இடது காது. இப்போது நர்ஸிங் இரண்டாம் வருடம். அவளுடைய மார்க்கை இங்கே எழுதினால் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் விட்டுவிடுகிறேன்.

முதல் ஆபரேஷனுக்குச் சில வாரம் கழித்து, காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம். அவள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை கம்மியாகப் போடு என்று சொல்ல வேண்டியிருந்தது. பழக்க தோஷம், கூடத்திலிருந்து எழுந்தேன். அவள் தோளைத் தட்டி, முகத்துக்கு நேராக நின்று சொல்வதற்காக நடந்தேன். நடக்கும்போதே என்னை அறியாமல், “சக்கரைய...” என்று முனகியிருக்கிறேன்.

அவள் திரும்பவில்லை. டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்.

“அங்கேர்ந்தே சொல்லும்மா. கேக்குது.”

நான் நடுக்கூடத்தில் நின்றேன். சாமுவேல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு நான் அடுப்பைச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னேன்.

“சக்கர கம்மியா போடு.”